மயானத்துக்குத் தனி வரி போட முடியுமா?

கேள்வி: ராமநாதபுரம் மாவட்டம் உச்சிப்புளிக்குத் தெற்கே கடலோரம் எங்கள் ஊராட்சி. 620 வீடுகள், சுமார் 2,400 பேர். பொது மயானம் 1 ஏக்கர் 20 சென்ட். தகனக் கொட்டகைக் கூரையில் கம்பி தெரிகிறது. கடல் பக்கத்துச் சுவர் சாய்ந்துவிட்டது. உள்ளே முழுக்கக் கருவேலம். பாடையைத் தூக்கிக்கொண்டு முள்ளை விலக்கித்தான் போகிறோம். ஊராட்சியில் கேட்டால் நிதி இல்லை என்கிறார்கள். வீட்டுவரியோடு ‘மயான வரி’ என்று ஐம்பதோ நூறோ சேர்த்து வாங்கலாம் என்கிறது ஒரு தரப்பு. சாவு விழுந்த வீட்டில் 2,000 ரூபாய் வாங்கிக்கொள்ளலாம் என்கிறது இன்னொரு தரப்பு. ஜமாத்துக்கு மையவாடியும் சர்ச்சுக்குக் கல்லறைத் தோட்டமும் தனியாக இருப்பதால், “நாங்கள் ஏன் கட்ட வேண்டும்?” என்று அவர்கள் கேட்கிறார்கள். மயானத்தின் ஒரு பக்கத்தைக் கடலும் அரிக்கிறது. வீட்டுவரி சராசரியாக 210 ரூபாய். போன வருஷம் 412 வீட்டார்தான் கட்டினார்கள் என்று கிளார்க் சொன்னார். என்ன செய்யலாம்? – மகளிர் குழுப் பொறுப்பாளர் ஒருவர்.

பதில்: ‘மயான வரி’ என்ற பெயரில் ஊராட்சி ஒரு பைசாவும் வாங்க முடியாது. எந்தெந்த வரியை விதிக்கலாம் என்று தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், 1994 சொல்லியிருக்கிறதோ அந்த வரிகளை மட்டுமே ஊராட்சி விதிக்கலாம். அதில் வீட்டுவரி உண்டு, மயான வரி கிடையாது. கிராம சபையில் ஊரே கைதூக்கித் தீர்மானம் போட்டாலும் புது வரி பிறக்காது. உங்கள் வீட்டுவரி ரசீதில் நூலக வரி என்று ஒரு வரி இருக்குமே, ரூபாய்க்குப் பத்துப் பைசா, அதைக் காட்டி “அது மாதிரி இதையும் சேர்த்துவிடலாம்” என்று யாராவது சொல்வார்கள். நூலக வரிக்கு 1948-ஆம் வருஷத்துப் பொது நூலகச் சட்டம் இருக்கிறது. மயானத்துக்கு அப்படி ஒரு சட்டம் இல்லை. மீறி வாங்கினால் தணிக்கையில் அது சட்டவிரோத வசூல் என்று எழுதப்படும். அதற்குள் வாங்கின பணம் எங்கே போயிற்று என்ற சண்டை ஊரில் தொடங்கியிருக்கும்.

ஆனால் தனி வரி உங்களுக்குத் தேவையும் இல்லை. அதே சட்டத்தின் 110-ஆவது பிரிவு ஊராட்சியின் கட்டாயக் கடமைகளை வரிசைப்படுத்துகிறது. சாலை, தெருவிளக்கு, வடிகால், குடிநீர் ஆகியவற்றோடு, இடுகாடு சுடுகாடு அமைத்துப் பராமரிப்பதும் அதில் வருகிறது. மனம் இருந்தால் செய்யலாம் என்று விட்ட பட்டியல் வேறு. மயானம் அதில் இல்லை, கடமைப் பட்டியலில் இருக்கிறது. வீட்டுவரி ஊராட்சியின் பொது நிதியில் சேரும் பணம். அதிலிருந்து மயானத்துக்குச் செலவழிக்க யாரிடமும் தனி அனுமதி கேட்க வேண்டியதில்லை. வரவு செலவுத் திட்டத்தில் ‘மயானப் பராமரிப்பு’ என்று ஒரு தலைப்பும் அதற்கு நேரே ஒரு தொகையும் இருந்தால் போதும். பெரும்பாலான ஊராட்சிகளில் அந்தத் தலைப்பே இருக்காது என்பதுதான் சிக்கல்.

காரணம் இதுதான். மயானத்தில் எதையாவது கட்டுவதற்கு எப்போதும் ஒரு திட்டம் இருந்துவந்திருக்கிறது. அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் சுடுகாடு மேம்பாடு இருந்தது. அடுத்து வந்த தாய் திட்டத்தில் மயானமும் அதற்குப் போகும் பாதையும் இருந்தன. நூறு நாள் வேலைத் திட்டத்தின் வேலைப் பட்டியலில் தகனக் கொட்டகை இடம்பெற்றிருந்தது. உங்கள் கொட்டகையும் இப்படி ஏதோ ஒன்றில் கட்டியதாகத்தான் இருக்கும். தூணிலோ சுவரிலோ திட்டத்தின் பெயரும் ஆண்டும் எழுதியிருக்கும், பாருங்கள். கட்டி முடித்துப் படம் எடுத்ததும் திட்டத்தின் வேலை முடிந்தது. அடுத்த பத்து வருஷத்துக்கு முள் வெட்டவும் விளக்கு மாற்றவும் எந்தத் திட்டமும் பணம் தராது. அதற்கு இருப்பது ஊராட்சியின் சொந்த வருவாய் ஒன்றே.

சரி, எவ்வளவு வேண்டும்? உங்கள் அளவுள்ள மயானத்துக்கு ஆள் கூலி நாளுக்கு 600 என்று வைத்து ஒரு கணக்குப் போடுகிறோம். உங்கள் ஊர்க் கூலிக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளுங்கள். வருஷத்துக்கு இரண்டு தடவை முள்ளும் புதரும் எடுக்க, தடவைக்கு 10 ஆள் என்றால் 12,000. தண்ணீர்த் தொட்டி, குழாய், வால்வு பழுதுக்கு 4,000. இரண்டு 20 வாட் எல்இடி விளக்குகள் இரவு முழுக்க எரிந்தால் வருஷத்துக்குச் சுமார் 160 யூனிட்; கட்டணமும் மாற்று விளக்கும் சேர்த்து 3,000. எரிமேடைச் செங்கல் வேலைக்கு 5,000. கேட், பெயிண்ட், பாதைக்குச் சரளை என்று 6,000. சாம்பல், மாலை, பிளாஸ்டிக், பழைய பாய் தலையணை அள்ளிப் போட 3,000. பெரிய பழுதுக்கென்று ஒதுக்கிவைக்க 5,000. கூட்டினால் 38,000 ரூபாய். வீட்டுக்கு 61 ரூபாய் சொச்சம்.

இப்போது வசூலைப் பாருங்கள். 620 வீட்டுக்கு 210 வீதம் கேட்பு, அதாவது வர வேண்டிய வரி, 1,30,200. வசூலானது 412 வீடு, அதாவது 86,520. நிலுவை 43,680. மயானத்துக்கு வேண்டிய 38,000 அந்த நிலுவைக்குள்ளேயே இருக்கிறது. ஊராட்சியில் ‘நிதி இல்லை’ என்று சொன்னால் இதை எடுத்து வையுங்கள்.

சாவுக்கு 2,000 என்ற யோசனையும் இதே கணக்கில் அடிபட்டுப்போகும். ஆயிரம் பேருக்கு வருஷத்துக்கு ஏழு சாவு என்று வைத்தால் உங்கள் ஊரில் 17. அதிலும் மையவாடிக்கும் கல்லறைத் தோட்டத்துக்கும் போவதைக் கழிக்க வேண்டும். ஒன்றையும் கழிக்காமல் பார்த்தாலே 34,000தான்; அதையே எல்லா வீட்டுக்கும் பகிர்ந்தால் வீட்டுக்கு 55 ரூபாய். அந்த 55-ஐக் காப்பாற்றப் போய், பிணத்தை நடுவீட்டில் வைத்துக்கொண்டிருப்பவனிடம் 2,000 கேட்டு நிற்பது முறையில்லை. இன்னொரு தொல்லையும் வரும். காசில்லாதவர் சொந்தக் காட்டிலோ கரையோர மணலிலோ புதைக்கத் தொடங்குவார். 1999-ஆம் ஆண்டின் இடுகாடு, சுடுகாடு விதிகள்படி மயானமாக ஒதுக்கப்படாத இடத்தில் புதைக்கவோ எரிக்கவோ கூடாது. குடியிருப்புக்கும் குடிநீர் ஆதாரத்துக்கும் 90 மீட்டருக்குள் புது மயானமும் கூடாது. ஒதுக்கிய மயானம் இருக்கும்போது வேறிடத்தில் புதைக்கக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்ற முழு அமர்வும் சொல்லியிருக்கிறது. உங்கள் பக்கத்தில் ஊற்று தோண்டினால் சில அடியில் நல்ல தண்ணீர், அதற்கும் கீழே உப்பு. அந்த மெல்லிய நல்ல தண்ணீரின் மேல் கண்ட இடத்தில் பிணம் புதைத்தால் யாருடைய கிணற்றுக்கு வந்து சேரும் என்று சொல்ல முடியாது.

ஆக, வேலை நிலுவையில் தொடங்குகிறது. ஊராட்சியில் கேட்பு, வசூல், நிலுவைப் பதிவேடு இருக்கும். அதன் நகலைக் கேளுங்கள். வாயால் கேட்டுக் கிடைக்கவில்லை என்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கோர்ட்டு ஸ்டாம்பு ஒட்டி மனுக் கொடுங்கள். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். நகல் கைக்கு வந்ததும் குழுப் பெண்கள் நாலு பேர் தெருத் தெருவாக அதை வீட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மூன்று வகை ஓட்டை தெரியும்.

முதல் வகை, பதிவேட்டிலேயே இல்லாத கட்டடங்கள். சுனாமிக்குப் பிறகு கட்டிய வீடுகள், மெயின் ரோட்டுக் கடைகள், ஐஸ் கம்பெனி, கருவாட்டு குடோன், சமீபத்தில் முளைத்த தங்கும் விடுதிகள். இரண்டாவது, ஓலை வீடு என்று பதிவாகி இப்போது மாடி வீடாக நிற்பவை. வெளிநாட்டுச் சம்பாத்தியத்தில் எழும்பிய வீட்டுக்குப் பழைய குடிசை வரியே போய்க்கொண்டிருக்கும். இந்த இரண்டையும் மறுமதிப்பீடு செய்யச் சொல்லி எழுத்தில் கேளுங்கள்; வரி வீதமும் அரசு வைத்திருக்கும் கீழ் வரம்புக்கும் மேல் வரம்புக்கும் இடையில் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். வீதத்தை உயர்த்தும் முன் விடுபட்ட கட்டடங்களைச் சேர்ப்பதுதான் நியாயம். ஒழுங்காகக் கட்டுகிறவன் தலையில் மேலும் ஏற்றினால் அடுத்த வருஷம் அவனும் கட்டமாட்டான். மூன்றாவது வகை, இறந்துபோனவர் பெயரில் ஓடும் வரி. வாரிசுகள் நாலாகப் பிரிந்திருப்பார்கள், தாத்தா பெயரில் வரும் நோட்டீஸை ஒருவரும் தொடமாட்டார்கள். மயானத்துக்குப் பாக்கி வைத்திருப்பவர்களில் பலர் மயானத்திலேயே படுத்திருக்கிறார்கள் என்று சொன்னால் தப்பில்லை. வாரிசுச் சான்றோடு பெயர் மாற்றம் செய்ய ஒரு நாள் முகாம் வைத்தால் இந்த நிலுவையில் நல்ல பகுதி வந்துவிடும்.

கட்டும்போது ரசீது முக்கியம். கிராம ஊராட்சிகளுக்கான வி.பி.டாக்ஸ் இணையதளத்தில் செல்போனிலிருந்தே கட்டலாம். தொகை நேரே ஊராட்சிக் கணக்கில் சேரும், கேட்பு எண் போட்டால் பாக்கியும் தெரியும். வரியைக் கையில் கொடுத்துவிட்டு ரசீதை அப்புறம் வாங்கிக்கொள்ளலாம் என்று விட்டால், நீங்கள் கட்டியதே நிலுவையில் நிற்கும்.

பணம் வருகிற வழி தெரிந்தபின் அதை மயானத்துக்கென்று கட்டிப்போடுவது அடுத்த வேலை. தமிழ்நாட்டில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாட்களில் கிராம சபை கூடுகிறது. நீங்கள் குறிவைக்க வேண்டியது அக்டோபர் 2. அடுத்த ஆண்டுக்கான கிராம ஊராட்சி வளர்ச்சித் திட்டத்தின் வேலை அன்றுதான் தொடங்குகிறது. அந்தப் பட்டியலில் ஏறாத வேலைக்குப் பின்னால் பணம் தேடுவது கஷ்டம். உங்கள் மக்கள்தொகைக்கு 100 பேர் இருந்தால்தான் கூட்டம் செல்லும். குழுப் பெண்கள் வந்தாலே பாதி எண்ணிக்கை நிரம்பும். தீர்மானத்தை நீங்களே எழுதிக்கொண்டு போங்கள். “மயானத்தைச் சீரமைக்கக் கேட்டுக்கொள்ளப்படுகிறது” என்று எழுதினால் அது காற்றோடு போகும். இப்படி எழுதுங்கள்: “புல எண் இன்னது, பரப்பு 1 ஏக்கர் 20 சென்ட் உள்ள பொது மயானத்தின் பராமரிப்புக்கு, வரும் நிதியாண்டு வரவு செலவுத் திட்டத்தில் ஊராட்சிப் பொது நிதி, சொந்த வருவாயிலிருந்து ‘மயானப் பராமரிப்பு’ என்ற தனித் தலைப்பில் ரூ.38,000 ஒதுக்கவும், செலவு விவரத்தை ஒவ்வொரு கிராம சபையிலும் வாசிக்கவும் தீர்மானிக்கப்படுகிறது.” புல எண், தொகை, தலைப்பு, வாசிக்கும் கடமை – நாலும் அதில் இருக்க வேண்டும். தீர்மானப் பதிவேட்டில் எழுதியபின் வாசித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். கீழே வெற்று இடம் இருந்தால் கோடு இழுத்துவிடுங்கள்.

யாரிடம் கொடுப்பது என்ற குழப்பமும் உங்களுக்கு வரலாம். 2019 டிசம்பரில் தேர்வான ஊராட்சிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-உடன் முடிந்தது. உங்கள் மாவட்டமும் அதில் அடக்கம். தேர்ந்தெடுத்த தலைவர் இல்லாத காலத்தில் தனி அலுவலரே ஊராட்சியின் அதிகாரத்தைக் கையில் வைத்திருப்பார். தலைவர் இருந்தால் தலைவருக்கு, இல்லாவிட்டால் தனி அலுவலரான வட்டார வளர்ச்சி அலுவலருக்கு (கிராம ஊராட்சிகள்) தீர்மான நகலோடு மனுக் கொடுத்து, ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள்.

“நாங்கள் ஏன் கட்ட வேண்டும்?” என்ற கேள்விக்கு வருகிறோம். இதில் ஜமாத்தார் கேட்பதும் சர்ச் தரப்பு கேட்பதும் நியாயமான கேள்விதான். பதில் அ-பதிவேட்டில், அதாவது எந்த நிலம் யாருடையது, என்ன வகை என்று எழுதியிருக்கும் வருவாய்த்துறைப் பதிவேட்டில் இருக்கிறது. வி.ஏ.ஓ.விடம் மூன்று இடத்துக்கும் அ-பதிவேட்டு நகலும் புலப்படமும் வாங்குங்கள். ‘மயானப் புறம்போக்கு’ என்று இருப்பது சட்டத்தின் 134-ஆவது பிரிவின்படி ஊராட்சியைச் சேரும். அதைப் பராமரிப்பது பொது நிதியின் வேலை. மையவாடி வக்ஃபு சொத்தாகவும் கல்லறைத் தோட்டம் சர்ச்சின் பட்டாவாகவும் இருந்தால் உள்ளே செய்யும் வேலை அவரவர் பொறுப்பு. அங்கே சுற்றுச்சுவர், பாதைக்கு உதவி கிடைக்குமா என்று மாவட்டச் சிறுபான்மையினர் நல அலுவலகத்தில் விசாரிக்கச் சொல்லுங்கள். ஆனால் வாசலுக்கு வெளியே உள்ள சாலை, தெருவிளக்கு, வடிகால், குடிநீர்க் குழாய் மூன்று இடத்துக்கும் ஊராட்சியின் கடமைதான். முதல் வருஷப் பட்டியலிலேயே மையவாடி வாசல் விளக்கையும் கல்லறைத் தோட்டத்துப் பாதையையும் சேர்த்து எழுதிவிட்டால் சண்டை பாதி குறையும். கடலோரத்தில் பல கல்லறைத் தோட்டங்கள் நூறு வருஷமாக அனுபவத்தில் இருந்தாலும் பதிவேட்டில் புறம்போக்காகவே நிற்கும். அப்படி என்றால் கணக்கே மாறிவிடும், ஆகவே நகலைப் பார்க்காமல் யாரும் வாய் கொடுக்க வேண்டாம்.

நீங்கள் எழுதவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறோம். ஊரில் சாதிவாரியாக இரண்டு பொது மயானம் இருந்தால் இரண்டுக்கும் ஒரே தலைப்பில், பரப்பளவுப்படி ஒதுக்குங்கள். ஒன்றில் தார்ச் சாலையும் விளக்கும், மற்றதில் வரப்பு வழியும் என்று இருப்பதைத் தணிக்கையும் பார்க்கும், ஊரும் பார்க்கும். சாதி வேறுபாடு இல்லாத மயானம் உள்ள முன்மாதிரிச் சிற்றூர்களுக்கு வளர்ச்சிப் பணிக்கென 10 லட்சம் ரூபாய் தரும் அரசுத் திட்டமும் இருக்கிறது. ஆதிதிராவிடர் நல அலுவலகத்தில் கேளுங்கள். குழி வெட்டுகிறவர் கூலியை மரபு, வழக்கம் என்று ஒரு குடும்பத்தின் தலையில் கட்டாமல், குழிக்கு இவ்வளவு என்று நிர்ணயித்துக் கையுறையும் காலணியும் கொடுங்கள். தூய்மைக் காவலரைக் குப்பை அள்ளச் சொல்லலாம், குழி வெட்டச் சொல்லக் கூடாது.

இனி அந்த 38,000-ஐ வீணாக்காமல் செலவழிப்பது பற்றி. உங்கள் கரையில் பணம் கரைவதே மூன்று இடத்தில்தான்: முள், கம்பி, எரிமேடை.

சீமைக் கருவேலத்தைத் தரை மட்டத்தில் வெட்டினால் ஒன்று நாலாகத் தழைக்கும். தண்டும் வேரும் சேரும் இடத்தில், மண்ணுக்குள் இருக்கும் மொட்டுகளிலிருந்து அது துளிர்க்கிறது. அந்தக் கட்டையைத் தரைக்குக் கீழே ஓரடி வரை கடப்பாரையால் நெம்பி எடுத்தால்தான் திரும்ப வராது. மழை முடிந்து மண் இளகியிருக்கும் தை மாதம் இதற்குத் தோது. புதிதாக முளைத்த கன்றுகளையும் அப்போது கையாலேயே பிடுங்கலாம். இரண்டாவது தடவை புரட்டாசியில், ஐப்பசி மழைக்கு முன். ஜேசிபியைச் சமாதிகளுக்கு நடுவே விடாதீர்கள்; மணலில் புதைத்தது மேலே வந்துவிடும். ஆடு, மாடு காயைத் தின்று சாணத்தில் விதையை விதைத்துவிட்டுப் போகும். அதனால் கேட்டை மூடி வைப்பதும் முள் வேலையில் சேர்த்திதான்.

முதல் தடவை மொத்தமாக அழிக்க 12,000 போதாது. அதற்குக் கருவேலத்தையே விலைக்கு விடலாம். வனத்துறையின் மதிப்பீடு பெற்று, அறிவிப்பு ஒட்டி, பொது ஏலம் விட்டு, பணத்தை ஊராட்சிக் கணக்கில் கட்ட வேண்டும். “நாங்களே வெட்டிச் சுத்தம் பண்ணித் தருகிறோம், விறகை எடுத்துக்கொள்கிறோம்” என்று வரும் கரி வியாபாரிக்கு விடாதீர்கள். அவர் பருத்த தடியை மட்டும் எடுத்துக்கொண்டு, கட்டையையும் முள்ளையும் உங்களுக்கு விட்டுவிடுவார். ஏல நிபந்தனையிலேயே ‘கட்டை ஓரடி ஆழம் தோண்டி அகற்றப்பட வேண்டும்’ என்று எழுதி, அதற்கு ஒரு வைப்புத்தொகையும் பிடித்து வையுங்கள். பனை இருந்தால் தொடக்கூடாது, அதற்கு ஆட்சியர் அனுமதி வேண்டும்.

கொட்டகையில் கம்பி தெரிவது உப்புக்காற்றின் வேலை. உப்பு கான்கிரீட்டுக்குள் இறங்கிக் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கிறது. துரு ஊதிப் பெருகி மேல் பூச்சை உடைத்துத் தள்ளுகிறது. கடற்கரை இல்லாத மாவட்டங்களுக்குப் போட்ட மாதிரி எஸ்டிமேட்டைக் கடலோரத்துக்கும் அப்படியே போடுவதால் இது நடக்கிறது. இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 456 கடலோரச் சூழலைக் கடுமையானது என்று வகைப்படுத்தி, குறைந்தது எம் 30 கான்கிரீட்டும் கம்பிக்கு மேல் 45 மி.மீ. மூடுபூச்சும் கேட்கிறது. அலைத் திவலை படும் இடமானால் 50 மி.மீ. பழுது பார்க்கும்போது தெரியும் கம்பியின் மேல் சிமெண்டை அப்பி மூடினால் இரண்டு மழையில் மறுபடி உதிரும். தட்டினால் வெற்றுக்குடம் போலச் சத்தம் வரும் இடம் முழுக்கக் கொத்தி எடுத்து, கம்பியின் பின்பக்கம் வரை துருவைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, துருத்தடுப்புப் பூச்சு அடித்து, அது காய்ந்தபின் பூச வேண்டும். கலவைக்குக் கடல் மணலையோ கிணற்று உப்புத் தண்ணீரையோ தொடக் கூடாது. கம்பி கால்வாசிக்கு மேல் மெலிந்திருந்தால் பூச்சு வேலை வீண். ஓவர்சியரை அழைத்துக் காட்டிப் புதுக் கொட்டகைக்கு எஸ்டிமேட் கேளுங்கள். அது வீட்டுவரியில் முடிகிற காரியமில்லை. நிதிக்குழு மானியத்தின் நிபந்தனையற்ற பகுதியையோ, அப்போது நடப்பிலுள்ள திட்டத்தையோ வளர்ச்சித் திட்டப் பட்டியல் வழியாகப் பிடிக்க வேண்டும். நூறு நாள் வேலையின் பெயரும் விதிகளும் மாறுகிற காலம் இது. ஒன்றிய அலுவலகத்தில் இன்றைய தேதிக்குச் செல்லும் வேலைப் பட்டியலைக் கேட்டுவிட்டு எழுதுங்கள்.

எரிமேடை சீக்கிரம் பாழாவதற்குக் காரணம் சிமெண்ட் பூச்சு. 300 கிலோவுக்கு மேல் விறகு எரியும் சூட்டில் சிமெண்ட் வெடித்துச் சில்லு சில்லாகப் பெயரும். மறுநாள் காடாற்றும்போது உள்ளே கனல் இருக்கையிலேயே குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றுவதும் விரிசலுக்குக் காரணம். பிணம் வைக்கும் பரப்பில் நன்றாகச் சுட்ட செங்கல்லை, முடிந்தால் சூடு தாங்கும் உலைச் செங்கல்லை, களிமண் சாந்தில் பதியுங்கள், பூச்சு வேண்டாம். வருஷம் நாற்பது ஐம்பது கல் மாற்றினால் மேடை நிற்கும். ஓரத்துத் தடுப்புக்கு ஆங்கிள் இரும்பு போட்டால் உப்பும் சூடும் சேர்ந்து செதில் செதிலாக உரிக்கும், வார்ப்பிரும்பு தாங்கும்.

சாய்ந்த சுவரை அதே இடத்தில் திரும்பக் கட்டாதீர்கள். உங்கள் பக்கம் வைகாசி முதல் ஆவணி வரை தென்மேற்குப் பருவத்துக் கச்சான் காற்று அடிக்கும். சுவரின் அடி மணலைக் காற்று ஒரு பக்கம் வாரி மறுபக்கம் குவிக்கும். அடித்தளம் ஒரு பக்கம் வெறுமையாகி, மறுபக்கம் பாரம் ஏறினால் சாயாமல் என்ன செய்யும்? சதுரமாக வைத்தாலே சுற்றளவு சுமார் 280 மீட்டர்; இவ்வளவுக்கும் சுவர் எழுப்பும் பணத்தில் மற்ற எல்லாவற்றையும் பல வருஷம் செய்யலாம். ரோட்டுப் பக்கம் மட்டும் சுவரும் கேட்டும் போதும். மற்ற மூன்று பக்கம் சர்வேயரை வைத்து எல்லை அளந்து கல் நட்டு, உட்புறம் கிளுவைப் போத்தை (நடுவதற்கு வெட்டிய கிளையை) நெருக்கமாக ஊன்றி, அதற்கு உள்ளே மூன்று மீட்டருக்கு ஒன்றாகப் பனங்கொட்டை பதியுங்கள். இரண்டையும் ஐப்பசி மழைக்கு முன்னால் நட வேண்டும். பனை வேலியாக எழும்பப் பல வருஷம் ஆகும், ஆனால் மணலைப் பிடித்துக்கொள்ளும். எல்லையை ஒருவரும் நகர்த்தவும் முடியாது.

குழி விஷயத்தில் ஒன்று. மார்கழியில் மூன்று நாலு அடியிலேயே தண்ணீர் ஊறும் பள்ளமான பகுதியில் அப்போது புதைக்க வேண்டாம். மேடான பகுதியை மழைக்காலத்துக்கென்று ஒதுக்கி, கல் நட்டு வரிசை எண் போடுங்கள். யார் எங்கே என்று ஒரு நோட்டில் எழுதி வைத்தால் பழைய குழியை மறுபடி தோண்டும் சங்கடமும் இருக்காது. மணல் பக்கவாட்டில் சரியும் என்பதால் இரண்டு பலகையும் நாலு முட்டுக் கட்டையும் கொட்டகையில் எப்போதும் இருக்கட்டும்.

கடைசியாகக் கடல் அரிப்பு. இதை வீட்டுவரியில் தடுக்க நினைக்காதீர்கள். மணல் மூட்டை அடுக்கும் பணம் அடுத்த கச்சானில் கடலுக்குள் போய்விடும். தூண்டில் வளைவோ கல் தடுப்போ அரசுத் துறைகள் ஆய்வு செய்து போட வேண்டியது, அதற்கு ஆட்சியரிடம் தனி மனு. ஊராட்சி செய்யக்கூடியது இரண்டு. அரிக்கும் பக்கத்திலிருந்து உள்ளே ஒரு கோடு குறித்து, அதற்கு அப்பால் புதிதாகப் புதைப்பதை இன்றே நிறுத்துவது. அதோடு, மாற்று இடத்துக்குத் தாசில்தாரிடம் இப்போதே விண்ணப்பிப்பது. புது இடம் 90 மீட்டர் விதிக்கு உட்பட வேண்டும். கரையிலிருந்து கட்டுமானத் தடை உள்ள பகுதிக்குள் அந்த இடம் வந்தாலும் கதவு முழுக்க மூடவில்லை: உள்ளூர் மக்களுக்குத் தேவையான மயானம், தகனக் கூடத்தை மாநிலக் கடலோர மண்டல மேலாண்மை ஆணையம் தனித்தனியாகப் பரிசீலித்து அனுமதிக்கலாம் என்று கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையிலேயே இருக்கிறது. அந்த விண்ணப்பத்தோடு புலப்படம், அ-பதிவேட்டு நகல், கிராம சபைத் தீர்மானம், அரிக்கும் பக்கத்தின் தேதியிட்ட படங்கள் நான்கையும் இணையுங்கள். படத்தை ஒவ்வொரு அமாவாசைக்கும் ஒரே எல்லைக் கல்லின் அருகில் நின்று எடுத்தால், எவ்வளவு போயிற்று என்பதை யாரும் மறுக்க முடியாது.